காய்ந்தாலும் கலையாத கிறிஸ்துமஸ் ரீத்: வீட்டிலேயே கட்ட முழு வழிகாட்டி

டிசம்பர் மாதச் சனிக்கிழமைகளில் எங்கள் கோவில் பிள்ளைகளோடு உட்கார்ந்து ரீத், அதாவது வாசலில் மாட்டும் இலை வளையம், கட்டுவது என் வழக்கம். கட்டி முடித்த அன்று எல்லாருடையதும் அழகாகத்தான் இருக்கும். நாலாம் நாள் பார்த்தால் பாதிக்கு மேல் கெட்டுப்போயிருக்கும். இலை இளைத்து, கட்டு தளர்ந்து, ஒரு பக்கம் வழுக்கை விழுந்து, உள்ளே இருக்கும் கம்பி பல்லைக் காட்டும்.

பச்சையாக இருக்கும் இலையின் பருமனுக்கு ஏற்றபடி கட்டுவதுதான் காரணம். இலை காயும், காய்ந்தால் இளைக்கும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் அது ஒரு வாரம் கழித்து எப்படி இருக்கும் என்று யோசித்துக் கட்டினால் முக்கால் பிரச்சினை தீர்ந்தது.

நான் சொல்வது தமிழ்நாட்டுச் சமவெளியில் கிடைக்கும் பொருளை வைத்து. ஃபர் மரமும், வெளிநாட்டு ரீத்தில் சிவப்புக்கு வைக்கும் ஹோலிக் காயும் நமக்கு இல்லை. சவுக்கும் முண்டு மிளகாய் வத்தலும் இருக்கின்றன, அதுவே போதும்.

1. முதலில் நாள் குறியுங்கள்

இது ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை. கை வேலை மூன்று மணி நேரம்தான், ஆனால் காத்திருப்பு இரண்டு வாரம்.

கொடி வளையம் காய ஒரு வாரம் முதல் பத்து நாள் வேண்டும். அதனால் டிசம்பர் முதல் வாரத்திலேயே அதை முடித்துவிடுங்கள். காய்கள், ஆரஞ்சுத் தோல் எல்லாம் 10, 12 தேதிகளில் காயவைக்கலாம். இலையை 19ஆம் தேதி மாலை வெட்டி, 20 அன்று கட்டுவது சரியாக வரும். டிசம்பர் முதல் தேதியே வாசலில் மாட்ட ஆசைப்பட்டு இலையை வெட்டினால், திருவிழா அன்று பழுப்பு நிறக் குச்சிகள்தான் மிஞ்சும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்துக்கென்று நான்கு மெழுகுவர்த்தி வைக்கும் வளையம் வேறு கணக்கு. 2026இல் அதன் முதல் ஞாயிறு நவம்பர் 29. அவ்வளவு நாள் எந்த இலையும் தாங்காது. வாரம் ஒருமுறை இலை மாற்றத் தயாராக இருந்தால் மட்டும் கட்டுங்கள். அதில் சவுக்கு வேண்டவே வேண்டாம். ஈரமாக இருக்கும்போதே எரியக்கூடிய விறகு அது. மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் காய்ந்த சவுக்கிலையை வைப்பது நெருப்போடு விளையாட்டு.

2. கையில் இருக்க வேண்டியவை

12 அங்குல வளையத்துக்குச் சொல்கிறேன். இலை கட்டியதும் அது 18 அங்குலமாக விரியும். மூன்றடிக் கதவுக்கு இந்த அளவு போதும்.

கம்பி 15 மீட்டர், 22 கேஜ், துத்தநாகப் பூச்சு உள்ளதாக இருக்கட்டும். பலரும் கொத்தனார் வீட்டில் விட்டுப்போன கறுப்புக் கட்டுக்கம்பியை எடுத்து வருகிறார்கள். அது தடிமன். பிஞ்சுக் காம்பை நறுக்கிவிடும், மழைச் சாரலில் துருப்பிடித்துக் கதவில் கோடும் போடும். வளையத்துக்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

கம்பியே வேண்டாம் என்றால் சணல் நூல். வாழைநாரில் கட்டிப் பார்த்தேன். பூக்கட்டுகிறவர்களைப்போல நனைத்து முடிந்தால் அன்றைக்கு இறுக்கமாகத்தான் நிற்கிறது. ஆனால் இலை இளைக்கும்போது அதற்கு ஏற்றபடி நார் சுருங்குவதில்லை, நாலாம் நாள் கட்டு உருவிக்கொள்கிறது. சின்னக் கொத்துகளுக்கு நார் போதும், முழுச் சுற்றுக்கு வேண்டாம்.

இதோடு செடி வெட்டும் கத்தரி, குறடு, ஒரு வாளித் தண்ணீர், விரிக்கப் பழைய பேப்பர். சவுக்கு உதிர்வதை வீடு முழுக்கப் பெருக்கிக்கொண்டிருக்க முடியாது.

3. வளையம் செய்தல்

மூன்று வழி இருக்கிறது. எனக்குப் பிடித்தது கொடி வளையம்.

பென்சில் தடிமனில், மூன்று மீட்டர் நீளத்தில் ஐந்தாறு கொடிகள் வேண்டும். முல்லைக் கொடியைக் கவாத்து செய்யும்போது விழுவது நன்றாக வளையும். ரங்கூன் மல்லியும் ஆகும், ஆனால் பழைய இலைக்காம்புகள் முள்போல நிற்கும், அவற்றைச் சீவிவிட வேண்டும். கம்பம் பள்ளத்தாக்குப் பக்கம் உறவு இருந்தால் யோகம்தான். அங்கே கவாத்து செய்து குவித்திருக்கும் திராட்சைக் கொடியை விடச் சிறந்தது கிடையாது.

சீந்தில் கொடி எங்கும் கிடைக்கிறதே என்று கேட்பார்கள். வெட்டி வாரக்கணக்கில் தொங்கவிட்டாலும் அது சாகாமல் தளிர் விடும். போன வருடம் ஒரு பையனின் ரீத் பொங்கலுக்குப் பச்சை இலையோடு நின்றது! வேடிக்கையாக இருந்தாலும், வளையம் இறுகிக் காயவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம்.

இலையை உருவி, வெட்டிய அன்றே வளையுங்கள். மறுநாள் ஒடியும். அடுப்படியில் 12 அங்குல அகலத்தில் இட்லிக் கொப்பரையோ பானையோ எது இருந்தாலும் அதன்மேல் முதல் கொடியைச் சுற்றுங்கள், மூன்று சுற்று வரும். நுனியை உள்ளே செருகுங்கள். இரண்டாவது கொடியை அந்த வளையத்தின் மேல் வெளியே-உள்ளே என்று முறுக்கிக்கொண்டே போங்கள். மூன்றாவதை வேறு இடத்திலிருந்து தொடங்குங்கள். எல்லா நுனியும் ஒரே இடத்தில் முடிந்தால் அந்தப் பக்கம் வீங்கி, எதிர்ப்பக்கம் மெலியும்.

முக்கியமான ஒன்று: முடித்ததும் பானையிலிருந்து கழற்ற வேண்டாம். அதிலேயே காயட்டும். ஆணியில் தொங்கவிட்டுக் காயவைத்தால் தன் எடையிலேயே இழுத்து முட்டை வடிவம் ஆகிவிடும். காய்ந்த கொடியைப் பிறகு வட்டமாக்க முடியாது.

கொடி கிடைக்காதவர்களுக்கு வைக்கோல் பிரி. ஈர வைக்கோலைக் கைப்பிடி தடிமனில் திரித்து, வட்டமாக்கி, சணலால் நெருக்கமாகச் சுற்றவும். கம்பி எங்கே குத்தினாலும் பிடிக்கும் என்பது இதன் வசதி. மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும் என்பது தொல்லை, அதனால் நன்றாகக் காய்ந்த பிறகே இலை கட்டவும். மூன்றாவது வழி, மூங்கில் சிம்பை வளைத்துக் கட்டுக்கம்பியால் முடிவது. பத்து நிமிடத்தில் ஆகிவிடும். ஆனால் வழுவழுப்பாக இருப்பதால் கொத்துகள் சறுக்கும். சணலை மேலே ஒரு சுற்று ஓட்டிவிட்டால் பிடிமானம் வரும்.

4. கொக்கியை இப்போதே போடுங்கள்

எல்லாரும் கடைசியில்தான் இதை நினைக்கிறார்கள். இலை கட்டிய பிறகு வளையம் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. கையை விட்டுத் துழாவினால் கட்டு கலையும். அவசரத்தில் இலைக்கட்டிலேயே நூலைக் கட்டி மாட்டுவார்கள், இரவோடு இரவாக விழும்.

கம்பியை இரட்டையாக்கி வளையத்தில் இரண்டு முறை சுற்றி, பின்பக்கம் ஒரு கண் விட்டு முறுக்குங்கள். அதில் ஒரு சிவப்பு நூலைக் கட்டி வையுங்கள். இலைக்குள் தேட வேண்டியிருக்காது, எது மேல்பக்கம் என்பதும் கடைசி வரை நினைவிருக்கும்.

5. இலை தேர்வு

ஒவ்வொரு இலையிலும் ஒரு கொத்தை ஒரு வாரம் முன்னால் ஆணியில் தொங்கவிட்டுப் பாருங்கள். எந்தப் புத்தகமும் சொல்லாததை அது சொல்லிவிடும். நான் அப்படிப் பார்த்ததில்:

சவுக்கு, ஏறக்குறைய ஒரு வாரம் நிறம் தாங்கும். டிசம்பரில் கிறிஸ்துமஸ் மரத்துக்காக விற்கும் சவுக்குக் கிளையை வாங்கினால் வீட்டு மரத்துக்கும் ரீத்துக்கும் சேர்த்து ஆகும். நன்றாகக் காய்ந்த பிறகு ஊசிகள் கணுக் கணுவாக ஒடிந்து உதிரும்.

தைல மரத்து இலை காய்ந்தாலும் வடிவம் மாறாது, வாசனையும் நிற்கும். சாம்பல் கலந்த பச்சை. சவுக்கோடு கலந்தால் எடுப்பாக இருக்கும். மாவிலை சுருளும், ஆனால் உதிராது. தோரணம் கட்டிய வீட்டில் எல்லாருக்கும் இது தெரியும். புன்னை இலை தடித்தது, பளபளப்பு சில நாள் நிற்கும்.

வேப்பிலையும் கறிவேப்பிலையும் இரண்டு மூன்று நாளில் கொட்டிவிடும். அது போக, வாசலில் வேப்பிலை தொங்கினால் வீட்டில் யாருக்கோ அம்மை போட்டிருக்கிறது என்று எண்ணி, கேக் கொடுக்க வந்தவர்கள் தெருவோடு திரும்பிவிடுவார்கள்.

அரளி, எருக்கு இரண்டையும் தொடாதீர்கள். பால் கண்ணில் பட்டால் ஆபத்து, அரளியில் எல்லாப் பாகமும் நஞ்சு. மலைப்பக்கம் போகிறவர்கள் காட்டுக்குள் சைப்ரஸ் கிளையை ஒடிக்க வேண்டாம். வனத்துறை வழக்கு கிறிஸ்துமஸ் பரிசாக வரும். தெரிந்தவர் தோட்டத்து வேலியில் கேட்டு வாங்குங்கள்.

வெட்டிய கிளைகளின் அடியைச் சாய்வாக இன்னொரு முறை வெட்டி, இரவு முழுக்க வாளித் தண்ணீரில் நிறுத்துங்கள். கட்டியபின் அவற்றுக்குத் தண்ணீர் குடிக்க வழியில்லை. இந்த ஓர் இரவில் குடிப்பதுதான் திருவிழா வரைக்கும். காலையில் உதறி, ஈரம் வடிந்த பிறகு எடுங்கள்.

6. முதலில் கொத்துகள், பிறகு வளையம்

வளையத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கிளையாக வெட்டி வெட்டிக் கட்டினால், தொடக்கத்தில் தாராளமாகவும் முடிவில் கஞ்சத்தனமாகவும் வரும். அதனால் எல்லாக் கொத்தையும் முதலில் கட்டித் தரையில் வரிசையாக அடுக்குங்கள். எது பெருத்தது, எது இளைத்தது என்று கண்ணுக்கே தெரியும்.

ஒரு கொத்து ஆறு அங்குல நீளம். பின்னால் சவுக்கு நாலைந்து கிளை, அதன்மேல் தைல இலை ஒன்றிரண்டு, முன்னால் குட்டையாக ஒரு மாவிலைக் கொழுந்து. அடிக்காம்பை நாரால் கட்டி, சமமாக வெட்டுங்கள். இப்படி 20 கொத்து. 12 அங்குல வளையத்தின் சுற்றளவு சுமார் 96 சென்டிமீட்டர். ஐந்து சென்டிமீட்டருக்கு ஒன்று என்று வைத்தால் 19 வரும், ஒன்று கூடுதலாக இருக்கட்டும்.

ஐந்து சென்டிமீட்டர் நெருக்கம் கட்டும்போது அதிகம்போலத் தெரியும். "போதும் அக்கா, அடைசலா இருக்கு" என்று பிள்ளைகள் சொல்வார்கள். அடைசலாகத்தான் இருக்க வேண்டும். காய்ந்தபின் சரியாகிவிடும்.

7. சுற்றுதல்

கம்பியை வெட்டாதீர்கள். 15 மீட்டரையும் ஒரு குச்சியில் சுற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நுனியை வளையத்தில் மூன்று முறை சுற்றி முறுக்குங்கள். கொத்துக்குக் கொத்து கம்பியை வெட்டிக் கட்டினால் ஒன்று தளரும்போது அது தனியாகத் தளரும். ஒரே கம்பி என்றால் ஒவ்வொரு சுற்றும் அடுத்ததை இழுத்துப் பிடிக்கும்.

முதல் கொத்தை வளையத்தின் மேல் சற்றே வெளிப்பக்கம் சாய்த்து வையுங்கள். காம்பின் மேல் மூன்று சுற்று, ஒவ்வொன்றையும் சுண்டி இழுத்து. அடுத்த கொத்தின் இலை முதல் கொத்தின் காம்பை மறைக்க வேண்டும், இது உள்பக்கம் சாயட்டும். மூன்றாவது நேராக. வெளி, உள், நேர் என்று மாறி மாறி வந்தால் வளையத்தின் உள்விளிம்பு மொட்டையாகத் தெரியாது. எல்லாவற்றையும் வெளிப்பக்கமே சாய்ப்பது புதியவர்கள் தவறாமல் செய்வது. எதிரே நின்று பார்த்தால் நடுவில் கொடி தெரியும்.

கொத்துகள் எல்லாம் ஒரே திசையில் போக வேண்டும். பாதியில் எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வந்து, வளையத்தைத் திருப்பிப் பிடித்து எதிர்த்திசையில் தொடர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு நுனிகள் முட்டிக்கொள்ளும் இடத்தை எந்த ரிப்பனாலும் மறைக்க முடியாது. எழுந்திருக்கும் முன் ஒரு அம்புக்குறியைப் பேப்பரில் எழுதி அருகில் வையுங்கள்.

கம்பி காம்பின் மேல் மட்டுமே ஓட வேண்டும். அவசரத்தில் இலையையும் சேர்த்துச் சுற்றினால் கொத்து அமுங்கிவிடும். இடது கையால் இலையை முன்னோக்கி ஒதுக்கிப் பிடித்துக்கொள்வதுதான் இந்த வேலையின் சூட்சுமம், இரண்டு மூன்று கொத்தில் பழகிவிடும்.

கடைசிக் கொத்துதான் கஷ்டம். அதன் காம்பு முதல் கொத்தின் இலைக்கு அடியில் போக வேண்டும். முதல் கொத்தைக் கையால் தூக்கிப் பிடித்து (ஒருவர் உதவிக்கு இருந்தால் நல்லது) காம்பை அடியில் செருகிச் சுற்றுங்கள். முடிந்ததும் கம்பியைப் பின்பக்கம் கொண்டுபோய், வளையத்தில் நாலு சுற்று சுற்றி, வெட்டி, நுனியைக் கொடிக்குள் மடக்குங்கள். நீட்டிக்கொண்டிருந்தால் கதவைக் கீறும், குழந்தை கையையும் கீறும்.

8. அலங்காரத்துக்கு முன் ஒரு இரவு தொங்கவிடுங்கள்

மேஜையில் வட்டமாக இருந்தது சுவரில் மாட்டியதும் வேறு மாதிரி தெரியும். எங்கே இடைவெளி, எங்கே பருமன் என்று அப்போதுதான் புரியும். இரவு தொங்கினால் இலைகளும் தங்கள் இடத்தில் படியும். காலையில் உலுக்கிப் பாருங்கள். விழுவது விழட்டும், அங்கே கூடுதல் கொத்தைச் செருகுங்கள்.

வீட்டுப் பெரியவர்கள் "என்னம்மா இது, மாலை போட வந்த மாதிரி இருக்கு" என்று சொல்வதும் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். மலர்வளையம் என்றாலே துக்க வீடுதானே நமக்கு நினைவு வருகிறது. அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. அதனால் சம்பங்கி, வெள்ளைச் சாமந்தி, ரோஜா இவற்றை வளையம் முழுக்க வைக்காதீர்கள். பூவைத் தவிர்த்து, காயும் வத்தலும் வாசனைப் பொருளுமாக வைத்து, நல்ல சிவப்பு ரிப்பனும் கட்டிவிட்டால் அந்தச் சாயல் போய்விடும். ஜரிகைத் தாளையும் தொடாதீர்கள்.

9. அலங்காரம்

சிவப்புக்கு ராமநாதபுரம் முண்டு வத்தல். உருண்டையாக, அடர்சிவப்பில், தூரத்திலிருந்து பார்த்தால் ஹோலிக் காயேதான். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற வத்தல் இது. காம்போடு இருப்பதைப் பொறுக்கி, ஐந்தைந்தாக அடிக்காம்பில் கம்பி சுற்றிக் கொத்தாக்குங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவும்வரை கண்ணைத் தொடக் கூடாது. சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் உயரத்தில் மாட்டுங்கள்.

குண்டுமணி அழகாக இருக்கிறதே என்று வருடம் ஒருவராவது கொண்டுவருகிறார்கள். வேண்டாம். அதன் பருப்பு கொடிய நஞ்சு. கெட்டியான ஓடுதான் காப்பு, கோக்க ஊசியால் துளைத்தால் அந்தக் காப்பு போயிற்று. ஆமணக்கு விதையும் அப்படியே.

சவுக்குக் காய்கள் குட்டிப் பைன் காய்போல இருக்கும். மரத்திலிருந்து பறித்ததைப் பேப்பரில் போட்டுச் சில நாள் காயவையுங்கள். வாய் திறந்து இறக்கை வைத்த விதைகளைக் கொட்டிவிடும். அதை வாசலில் கொட்டுவதை விடப் பேப்பரில் கொட்டுவது மேல். பெரிய பைன் காய் கிடைத்தால், அது ஈரக்காற்றில் மூடிக்கொள்ளும், காய்ந்தால் விரியும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அடைமழை நாளில் சுருங்கிக் கிடந்தால் கெட்டுப்போகவில்லை.

பட்டை, அன்னாசிப்பூ, ஜாதிக்காய் மளிகைக் கடையிலேயே கிடைக்கும். பட்டையை மூன்று மூன்றாகச் சணலில் கட்டலாம். வெடித்த பருத்திக் காய் பனிக்குப் பதில் நிற்கும். ஆனால் கரிசல் காட்டில் பருத்தி வெடிப்பது கிறிஸ்துமஸ் கழிந்த பிறகுதான், அந்தப் பக்கம் போகும்போது வாங்கி அடுத்த வருடத்துக்கு எடுத்து வையுங்கள்.

வெளிநாட்டுப் படங்களில் வரும் ஆரஞ்சுச் சுளை வட்டங்களை நான் விட்டுவிட்டேன். வடகிழக்குப் பருவமழையில் வெயிலில் காயாது, பூஞ்சை பிடிக்கும். அடுப்பில் காயவைத்தாலும் அதில் இருக்கும் சர்க்கரைக்கு எறும்பு வரிசை கட்டி வரும். கமலா ஆரஞ்சின் தோலை மட்டும் உரித்து, பச்சையாக இருக்கும்போதே நட்சத்திரமாக வெட்டி, மேலே ஒரு புத்தகக் கனம் வைத்துக் காயவைத்தால் சுருளாது. எறும்பும் அவ்வளவாக வருவதில்லை.

எல்லாவற்றையும் பசையால் ஒட்டாமல் கம்பியால் கட்டுங்கள். ஈர இலையில் சூட்டுப் பசை பிடிக்காது. கம்பி நுனியை இலைக்குள் செலுத்தி, வளையத்தில் கோத்துப் பின்னால் முறுக்க வேண்டும். இடம், கடிகாரத்தில் ஐந்திலிருந்து ஒன்பது வரை உள்ள பகுதி. அங்கே குவித்து, மீதியைப் பச்சையாக விடுங்கள். சுற்றிலும் சம இடைவெளியில் ஒவ்வொன்று வைத்தால் சக்கரம்போல இருக்கும். இது என் ரசனை, உங்களுக்குச் சக்கரம் பிடித்தால் தாராளமாக.

10. மாட்டுதல்

தேக்குக் கதவில் ஆணி அடிக்க யாருக்கும் மனம் வராது. உறிஞ்சிப் பிடிக்கும் கொக்கி மரத்தில் நிற்காது. ரீத்தின் பின்பக்கக் கண்ணில் அகல ரிப்பனைக் கோத்து, கதவின் மேல்விளிம்பு வழியாகப் பின்பக்கம் கொண்டுபோய், மேல் விளிம்பிலேயே இரண்டு பலகை ஊசி (போர்டு பின்) குத்திவிடுங்கள். யார் கண்ணுக்கும் தெரியாத இடம்.

வெளிக் கேட்டில் மாட்டினால் கம்பியில் இரண்டு இடத்தில் கட்டுங்கள், இல்லாவிட்டால் காற்றில் சுழன்று அடித்துக்கொள்ளும். உயரத்தையும் யோசியுங்கள். முதல் வருடம் நான் மாவிலை தாராளமாக வைத்துக் கேட்டில் இடுப்பு உயரத்தில் கட்டினேன். ஆராதனை முடிந்து வந்து பார்த்தால் தெரு ஆடு பின்னங்காலில் நின்று கீழ்ப்பாதியைத் தின்று முடித்திருந்தது, வத்தலை மட்டும் விட்டுவைத்து.

11. அதன் பிறகு

காலையில் ஒருமுறை இலைமேல் மட்டும் தண்ணீர் தெளியுங்கள். வத்தலும் தோலும் நனையக் கூடாது. நேர்வெயில் படும் வாசலென்றால் பகலில் உள்ளே எடுத்து வைத்தால் இரண்டு மூன்று நாள் கூடுதலாக நிற்கும். சீரியல் விளக்கை இதில் சுற்ற வேண்டாம்.

புத்தாண்டுக்குள் சவுக்கு பழுத்துவிடும். மூன்று இராசாக்கள் திருநாள் (ஜனவரி 6) வரை வேண்டுமென்றால் 30ஆம் தேதி பத்துக் கொத்து புதிதாகச் செருகலாம்.

கழற்றும்போது வேலை தலைகீழ். முதலில் அலங்காரம், காய்களைத் துடைத்து டப்பாவில் போடுங்கள். பிறகு பின்பக்கக் கம்பி நுனியைத் தேடி, பிரித்து, குச்சியில் சுற்றுங்கள். அடுத்த வருடத்துக்கு ஆகும். கொடி வளையத்தைச் சாக்கில் போட்டுப் பரணில் வைக்கலாம், என்னுடையது ஆறாவது வருடம் ஓடுகிறது. இலையை உரக்குழியில் போடும் முன் கையால் ஒருமுறை துழாவிப் பாருங்கள். கம்பித் துண்டோடு குப்பையில் எறிந்தால் அதைத் தின்ன வரும் மாட்டின் வயிற்றுக்குள் அது போய்விடும்.